சௌனாவில் வளைத்த மட்டை

ரோண்டா மக்ரே என் உயிர்த்தோழி என்று கனடாவில் எங்கள் ஊரான தண்டர் பேயில் இன்றைக்கும் சொல்கிறார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. பாதி வருஷம் பனி மூடிக் கிடக்கிற ஊர் இது. இன்றைக்கு யாரைப் பகைத்துக்கொள்கிறோமோ, நாளைக் காலையில் அவர்தான் வந்து நம் காரைப் பனியிலிருந்து தள்ளிவிட வேண்டியிருக்கும். அதனால் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன்.

எங்கள் தெரு, ஃபின்லாந்திலிருந்து மரம் வெட்ட வந்தவர்கள் குடியேறிய தெரு. வீட்டில் வேறு எது இருக்கிறதோ இல்லையோ, கொல்லையில் சௌனா இருக்கும். மரப்பலகை அறை, நடுவில் கற்கள் அடுக்கிய அடுப்பு, கல்லில் தண்ணீர் ஊற்றினால் மூச்சை அடைக்கிற ஆவி. சனிக்கிழமை சாயங்காலம் புகைபோக்கியில் புகை வந்தால் துண்டை எடுத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் வரலாம். வந்தவரைத் திருப்பி அனுப்பிய கதை எங்கள் தெருவில் கிடையாது. சண்டைக்காரன் வந்தாலும் உள்ளே உட்கார வைத்து, அவன் முதுகில் தண்ணீர் ஊற்றி, வெளியே வந்த பிறகுதான் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்வார்கள்.

ரோண்டா அடுத்த தெருக்காரி. அவர்கள் வீட்டில் சௌனா இல்லை. சின்ன வயதில் ஒரு சனிக்கிழமை துண்டோடு வந்தவள், அப்புறம் எங்கள் வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்டாள். என் அப்பாவின் பெயர் தோய்வோ, தச்சர். கொல்லையில் ரப்பர் குழாயால் தண்ணீர் பாய்ச்சி உறைய விட்டு எங்களுக்கு ஆடுகளம் செய்து கொடுத்தவர் அவர்தான். நான் அப்பா என்று கூப்பிட்டதைக் கேட்டு அவளும் அப்பா என்றே கூப்பிட ஆரம்பித்தாள். அவரும் வித்தியாசம் பார்க்காமல் இரண்டு பேரையும் ஒரே மாதிரி திட்டுவார்.

ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது, ரப்பர் வட்டுதான். மட்டையின் அடியில் அந்த வட்டைத் தொடுகிற அகலமான பகுதியை நாங்கள் பாதம் என்போம். பாதம் வளைந்திருந்தால் வட்டு தரையைவிட்டுச் சட்டென்று மேலே ஏறும். கடையில் வாங்குகிற வளைவு எனக்கு எப்போதும் போதாது. சௌனா ஆவியில் பாதத்தை ஊற வைத்து, மேல் பெஞ்சின் இரண்டு பலகைகளுக்கு நடுவே செருகி, உடம்பு எடையைப் போட்டு அழுத்துவேன். ஆறிய பிறகு எடுத்தால் நான் நினைத்த வளைவு அப்படியே நிற்கும். ரோண்டாவுக்கும் நான்தான் வளைத்துக் கொடுப்பேன். அவள் அழுத்தினால் மட்டை உடையும். பொறுமை கிடையாது அவளுக்கு.

வளைவு ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. எங்கள் மட்டைகள் தாண்டும். எங்களுடையது மட்டுமா, பாதிப் பேருடையது தாண்டும். எந்த அணியின் கேப்டனும் நடுவரிடம் போய் எதிராளியின் மட்டையை அளக்கச் சொல்லலாம். அளவு மீறியிருந்தால் மட்டைக்காரி இரண்டு நிமிடம் தண்டனைக் கூண்டில் உட்கார வேண்டும். அவள் அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். சரியாக இருந்தாலோ, கேட்ட அணிக்கு அதே தண்டனை. ஆனால் யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்த வீட்டு அடுப்பில் இருக்கிற பானையைத் திறந்து பார்ப்பதுபோல் அது. தோற்றாலும் தோற்பார்களே தவிர, மானமுள்ள கேப்டன் எவளும் அதைச் செய்ய மாட்டாள். இந்த நம்பிக்கையில்தான் நாங்கள் எல்லாரும் ஆடிக்கொண்டிருந்தோம்.

கனடா அணிக்கான தேர்வு முகாமுக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம். கடைசி நாள் அவளை எடுத்துக்கொண்டு என்னை அனுப்பிவிட்டார்கள். என் கால் மந்தமாம். ஊருக்குத் திரும்பினால் மளிகைக்கடையில்கூட விசாரிக்கிறார்கள், கால் எப்படி இருக்கிறது என்று. துக்கம் விசாரிப்பதுபோல் குத்துவதற்கு எங்கள் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அம்மா வழியில் எனக்கு ஃபின்லாந்து குடியுரிமை கிடைத்தது. அங்கே தம்பெரே நகரத்துக்குப் போய்ப் பகலில் ரொட்டிக்கடையில் மாவு பிசைந்து, சாயங்காலம் கிளப்பில் ஆடினேன். மூன்றாவது குளிர்காலத்தில் ஃபின்லாந்து தேசிய அணியில் எடுத்தார்கள்.

அந்த வருஷம் பெண்கள் உலகப் போட்டி எங்கே நடந்தது தெரியுமா? தண்டர் பேயில். அரையிறுதியில் எங்களுக்கு எதிராக வந்தது கனடா. அவர்களுடைய கேப்டன் ரோண்டா. ஃபின்லாந்து அதுவரை இறுதி ஆட்டத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. கனடாவை ஜெயித்ததும் இல்லை. எனக்கு வேறு ஆசை கிடையாது. என் கால் மந்தம் என்று சொன்னவர்களும், அதை நம்பியவர்களும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருக்க, அந்த ஓர் ஆட்டத்தை ஜெயிக்க வேண்டும். அதற்குப் பிறகு கால் ஒடிந்தாலும் சரி என்று இருந்தேன்.

போட்டி தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை இரண்டு பேரும் அவரவர் அணியில் அனுமதி கேட்டுக்கொண்டு எங்கள் வீட்டுச் சௌனாவுக்கு வந்தோம். ரோண்டா பீர் கொண்டுவந்தாள். கூடவே இரண்டு புது மட்டைகளும். முழங்காலில் கட்டு. இதுதான் கடைசிப் போட்டி, இதற்கு மேல் முட்டி தாங்காது, தங்கம் வாங்காமல் போனால் ஊரில் தலைகாட்ட முடியாது என்றாள். எனக்குப் பாவமாக இருந்தது. எதிரணி கேப்டனுக்கு மட்டை வளைத்துக் கொடுப்பதா என்று ஒரு நொடி யோசித்தேன். அவளும் அதைக் கண்டுகொண்டாள்.

"என்னடி, ஃபின்லாந்துக்காரி ஆனதும் கை வர மாட்டேங்குதா?" என்றாள். "உன் கை படாத மட்டையில எனக்கு அடி ஏறாதுடி. அது உனக்கே தெரியும்."

இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் மனசு இளகாது. என்னுடையவை இரண்டு, அவளுடையவை இரண்டு, நாலையும் வளைத்தேன். டேப்பும் நானே சுற்றினேன். வெள்ளை டேப், நுனியில் மட்டும் ஒரு மடிப்பு கூடுதலாக. அது என் பழக்கம். வேறு யாரும் அப்படிச் சுற்றிப் பார்த்ததில்லை. அப்பா கல்லில் தண்ணீர் ஊற்றிவிட்டு, "ரெண்டு கழுதையும் ஒண்ணையொண்ணு உதைச்சுக்காம ஆடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அரையிறுதியன்று அரங்கம் முழுக்கக் கனடாவின் சிவப்பு. நடுவே அப்பா மட்டும் ஃபின்லாந்துக் கொடியைப்போல் நீலமும் வெள்ளையுமான கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் களத்தில் இறங்கியதும் கறிக்கடைக்காரர், சின்ன வயதில் எனக்கு ஓசியில் சாசேஜ் கொடுத்தவர், கையை வாயில் குவித்துக் கத்தினார்.

"ஐலி, கால் இன்னும் நடக்குதா, இல்ல தள்ளிட்டு வந்தாங்களா?"

வரிசையே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நாய் குரைத்தால் மலை தேயுமா என்று அன்றைக்கு நினைத்தேன். கடைசிப் பகுதியில் ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று நின்றபோது, இடது ஓரத்தில் வட்டு என்னிடம் வந்தது. மந்தக் காலால் ஒருத்தியைத் தாண்டினேன். இழுத்து அடித்தேன். வட்டு கோல்காரியின் தோளுக்கு மேல் ஏறி வலைக்குள் விழுந்தது. மூன்றுக்கு இரண்டு. அரங்கம் அப்படியே அடங்கியது. அந்த அமைதியைப்போல் இனிமையான சத்தத்தை நான் என் ஆயுளில் கேட்டதில்லை. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

அடுத்து ஆட்டம் நின்ற இடைவெளியில் ரோண்டா நடுவரிடம் போனாள். யாரோ அவள் காலைத் தட்டியதற்குப் புகார் சொல்கிறாள் என்று நினைத்தேன். நடுவர் நேராக என்னிடம் வந்து கையை நீட்டினார். எதற்கு என்றுகூட எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் அவர் என் மட்டையைப் பார்த்தார். எனக்குக் காதுவரை சூடேறியது.

அளவுகோலை வைத்துப் பார்க்க ரொம்ப நேரம் ஆகவில்லை. நடுவர் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டியதும் அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. கறிக்கடைக்காரர் பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டார். தண்டனைக் கூண்டில் உட்கார்ந்து நான் ரோண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. வீட்டுக்குள் விட்டோம், முதுகில் தண்ணீர் ஊற்றினோம்; அங்கே பார்த்ததை இங்கே கொண்டுவந்து விற்றுவிட்டாள். கூடவே இருந்து குழி பறிப்பது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்தக் குழிக்குள் உட்கார்ந்து பார்த்தேன்.

நான் கூண்டில் இருக்கும்போதே கனடா கோல் போட்டது. மூன்றுக்கு மூன்று. நான் பெஞ்சுக்குத் திரும்பியதும் எங்கள் கேப்டன் தூலியா என் பக்கத்தில் குனிந்தாள். அதிகம் பேசாதவள். சனிக்கிழமை நான் எங்கே போனேன், என்ன செய்தேன் என்று அவளுக்குத் தெரியும். நானே பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

"அவ மட்டையும் நீ வளைச்சதுதானே?"

நான் எட்டிப் பார்த்தேன். ரோண்டா கையிலிருந்த மட்டையில் வெள்ளை டேப். நுனியில் ஒரு மடிப்பு கூடுதலாக. என் மடிப்பு. முதல் பகுதியில் அவள் அடித்த அடி கண்ணாடித் தடுப்புக்கு மேல் பறந்ததையும் நான் பார்த்திருந்தேன்.

"என் கையால வளைச்சது. அளக்கச் சொல்லு."

"நல்லாப் பாத்துச் சொல்லு. தப்பாப் போச்சுன்னா நமக்குத்தான் வெட்டு."

"நேர் மட்டையில அவளுக்கு அடிக்கவே வராது தூலியா. சின்னப் புள்ளையிலேருந்து எனக்குத் தெரியும்."

தூலியாவுக்கு அதில் இஷ்டமில்லை. அவள் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் என்னை நம்பினாள். நடுவரிடம் போய்க் கேட்டாள். ரோண்டா உடனே மட்டையைக் கொடுத்தாள். திருடின பொருளை யாரும் அவ்வளவு லேசாக நீட்ட மாட்டார்கள்.

கடையில் வாங்கின மட்டை. ஒன்றரைக்கு உள்ளேதான் வளைவு. நடுவர் திரும்பி எங்கள் பெஞ்சைப் பார்த்து இரண்டு விரலைத் தூக்கினார்.

மறுபடியும் ஓர் ஆள் குறைவு. பெஞ்சில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. வட்டு நீலக் கோட்டருகே ரோண்டாவிடம் வந்தது. நேர் மட்டையில் அடிக்க வராது என்று நான் சத்தியம் செய்தேனே, அவள் அதே மட்டையால், வட்டைத் தரையைவிட்டு ஒரு நூல்கூடக் கிளப்பாமல், எங்கள் கோல்காரியின் கால்களுக்கு நடுவே அனுப்பினாள். நான்குக்கு மூன்று. அதோடு முடிந்தது.

ஆட்டம் முடிந்தால் இரண்டு அணியும் வரிசையாக நின்று கை குலுக்கிக்கொண்டு நகர வேண்டும். மூக்கு உடைந்தாலும், வயிறு எரிந்தாலும் குலுக்கித்தான் ஆக வேண்டும். வரிசையின் கடைசியில் ரோண்டா என் முன்னால் வந்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது அவளுக்கு. அழுவதாக இருந்தால் நான் அல்லவா அழ வேண்டும்.

"மனசுல வச்சுக்காதடி. எனக்கு இதுதான் கடைசி," என்றாள்.

"எப்ப மாத்தின?"

"ரெண்டாவது இடைவேளையில. உன்னுத அளந்தா நீ என்னுத அளக்கச் சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதா?"

"டேப்ப ஏண்டி என்னைய மாதிரி சுத்தின?"

அவள் என் கையை விடவில்லை. எனக்குப் பின்னாலிருந்தவர்கள் தள்ளினார்கள்.

"நீ பாக்கணுமில்ல" என்றாள்.

மட்டையை அளக்கச் சொன்னதைக்கூட ஒருவேளை நான் மன்னித்திருப்பேன். பயிற்சியாளர் நெருக்கியிருப்பார், ஊர் நெருக்கியிருக்கும். ஆனால் உடைமாற்றும் அறையில் தனியாக உட்கார்ந்து, ஒரு நேர் மட்டையை மடியில் வைத்து, என் மடிப்பை ஞாபகப்படுத்திப் பார்த்து அவள் டேப் சுற்றியிருக்கிறாள் பாருங்கள். அதை என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

வெண்கலத்துக்கான ஆட்டத்தில் என்னை இறக்கவில்லை. தூலியா ஒரு குறையும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. கனடாவும் அமெரிக்காவும் மோதிய இறுதி ஆட்டத்தைப் பார்வையாளர் வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கடைசிக் கோல் ரோண்டாவுடையது. வட்டு அவள் மட்டையிலிருந்து கிளம்பி வலையின் மேல் மூலைக்கு ஏறிய விதத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது சௌனா மட்டை. நேர் மட்டையை உள்ளே வைத்துவிட்டு என் மட்டையை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அமெரிக்கக் கேப்டன் அளக்கச் சொல்லவில்லை. அவளுக்கு மானம் இருந்தது.

ஃபின்லாந்து என்னை மறுபடி கூப்பிடவில்லை. ஊருக்கு வந்து பள்ளிப் பேருந்து ஓட்ட ஆரம்பித்தேன். ரோண்டா கால்கரி நகரத்தில் ஏதோ பயிற்சி வேலைக்குப் போய்விட்டாள். அடுத்த வருஷம் அரங்கத்தின் நுழைவாயிலில் அவளுடைய மட்டையைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது என்று ஊர்க்காரர்கள் முடிவு செய்தார்கள். தங்கம் வாங்கித் தந்த மட்டை. பெட்டி செய்கிற வேலை யாரிடம் வந்திருக்கும்? ஊரில் நல்ல தச்சர் என் அப்பாதானே.

மட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து பட்டறை மேசையில் வைத்தார். பின்பலகையில் பொருத்திப் பார்த்தார். பாதம் பலகையோடு ஒட்டவில்லை. இடைவெளியில் விரலை நுழைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இது நம்ம பெஞ்சு வளைவுல்ல?"

ஆமாம் என்றேன். அவர் அளவுச் சட்டத்தை எடுத்து வைத்தார். இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டியது. ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு அவர்கள் கண் முன்னால் அளந்து காட்டலாம், இதை வைத்துக்கொண்டுதான் என்னைக் கூண்டில் உட்கார வைத்தாள் என்று சொல்லலாம் என்றேன்.

"உன் மட்டைய அளந்தப்ப ஊரே எந்திரிச்சுக் கை தட்டுச்சும்மா," என்றார் அப்பா. "இத அளந்தா யாரு தட்டுவா?"

அவர் ஒரு சின்ன மரத்துண்டை இழைத்து இடைவெளிக்குச் சரியாகச் செருகினார். எங்கள் வேலை சுத்தமாக இருக்கும். அதில் குறை சொல்ல முடியாது.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அரங்கத்தில் பெட்டியை மாட்டினோம். நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். ரோண்டா ஊருக்கு வந்திருந்தாள், பார்க்க வந்தாள். அப்பாவைக் கட்டிக்கொண்டாள், என் தோளைத் தட்டினாள். பெட்டியை முன்னால் நின்று பார்த்தாள். அப்புறம் பக்கவாட்டில் நின்று பார்த்தாள்.

"அப்பா, இதோட மறுபக்கம் முன்னால வர்ற மாதிரி திருப்பி வைங்களேன். பக்கவாட்டுல பாத்தா என்னமோ மாதிரி இருக்கு."

அப்பா மரத்துண்டை எடுத்துவிட்டு, நுனி பின்பலகையில் படியும்படி மட்டையைத் திருப்பி வைத்தார். முன்னாலிருந்து பார்த்தால் எந்த மட்டையும் நேராகத்தான் தெரியும். திருகாணிகளை முடுக்கினார், கண்ணாடியைத் துடைத்தார், பூட்டிச் சாவியை அவள் கையில் கொடுத்தார். இவ்வளவுதானா அப்பா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மனிதர் ஒரு வார்த்தையாவது கேட்டிருக்கலாமே.

"சனிக்கிழமை வரைக்கும் இங்கதான் இருப்பேன்," என்றாள் ரோண்டா. "சௌனாவுக்கு வர்றேன்பா. எவ்வளவு நாளாச்சு."

அப்பா கருவிகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்தார்.

"அடுப்பு உடைஞ்சு கிடக்கும்மா," என்றார். "இப்ப சௌனா போடறதில்ல."

அவள் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் சரிப்பா என்று சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்த மனிதர், வாயைத் திறந்து ஒருத்தியிடம் சௌனா இல்லை என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

சனிக்கிழமை மத்தியானமே, உடைந்து கிடப்பதாகச் சொன்ன அந்த அடுப்பை அவர் மூட்டிவிட்டார். வழக்கத்துக்கு இரண்டு மடங்கு விறகு போட்டார், அதுவும் பச்சை விறகாகப் பார்த்து. அவள் பார்க்கணுமில்ல. புகை கருகருவென்று எழுந்து எங்கள் கூரையைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் கொல்லையில் நின்று அது ரோண்டா வீட்டுப் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கிருந்து யாரும் வரவில்லை.